நோர்வூட் வாசலில் பூட்டை மறித்து நின்ற பெற்றீசியா மிஸ்ஸுக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பெற்றீசியா மிஸ் அவர்களே!

ஹட்டன் நகரில், முத்துலிங்கம் சேரின் சட்ட அலுவலகத்தில், முப்பத்தொரு வருடங்கள் முதல் ஆளாய் வந்து கதவைத் திறந்து, முடிவில் போகும் ஆளாய் அதைப் பூட்டிய தலைமை எழுதுவினைஞரே! வீட்டுச் சொந்தக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே அளவு பயத்தோடு பார்த்த திருமுகமே!

இத்தகைய பிரியாவிடை மடலைப் புகழில் தொடங்குவதே முறை. இதை எழுதி வாசிக்கும் இரண்டாம் எழுதுவினைஞன் கந்தப்பனாகிய நானோ பிழையில் தொடங்குகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த துறை அதுதான்.

ஒன்பது வருடங்களுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். நோர்வூட் கடைவீதியில் தையல் கடை வைத்து, அதன் பின்னறையிலேயே இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்த நிஷாந்திக்கு, இடத்தை விட்டு விலகும்படி ஓர் அறிவித்தல் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பச் சொன்னவர் கட்டடச் சொந்தக்காரர் நல்லமுத்து முதலாளி. தட்டெழுதினேன், சேரிடம் கையொப்பம் வாங்கினேன், பதிவுத் தபாலில் சேர்த்தேன். எந்த விலாசத்துக்கு? நிஷாந்தி பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு.

வாடகை ஒப்பந்தத்தோடு இருந்த அடையாள அட்டைப் பிரதியில் அதுதான் இருந்தது. டவுனுக்குக் குடிவந்து பத்து வருடமானாலும், எந்தப் படிவத்தை நீட்டினாலும், நம் ஆட்களின் கை தோட்டத்துப் பெயரைத்தான் எழுதும். லயத்துக்கு வரும் கடிதமோ தோட்ட அலுவலகத்துப் பெட்டியில் விழுந்து கிடக்கும். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் யாராவது நினைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டால்தான் வெளியே வரும். இதை அறியாதவனா நான்? எனக்கு வந்த ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதமே, தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அப்படியொரு பெட்டியை விட்டு வந்தது. அந்த வேலை எனக்குக் கிடைக்காததால்தான் இந்த அலுவலகத்துக்கு நான் கிடைத்தேன். நட்டம் யாருக்கு என்பதைச் சேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிவித்தலில் சொன்ன காலம் கழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி தொலைபேசியில் அழைத்தார். லொறி வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், புதுப்பூட்டும் வாங்கியாயிற்று, சாமான்களைத் தூக்கி வெளியே வைக்கப் போகிறேன் என்றார். நீங்கள் என்னிடம் தபால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கினீர்கள். அதில் இருந்த விலாசத்தை இரண்டு தரம் படித்தீர்கள். திட்டவில்லை. ஒரு கையில் குடையை எடுத்தீர்கள், மறு கையால் என்னையும் எடுத்தீர்கள் என்றே சொல்ல வேண்டும். பஸ் டிக்கோயாவைத் தாண்டி நோர்வூட் சேரும்வரை அந்தப் பற்றுச்சீட்டை மடியில் விரித்தே வைத்திருந்தீர்கள். அதைவிட நீங்கள் ஏசியிருக்கலாம்.

நாம் போய் இறங்கியபோது ஒரு தையல் இயந்திரம் ஏற்கெனவே மழையில் நின்றது. மற்றதை நிஷாந்தி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னா நோட்டீசு, எனக்கு ஒண்ணும் வரலீங்களே என்று, கேட்பவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கதவுக்கும் புதுப்பூட்டுக்கும் நடுவே நீங்கள் போய் நின்றீர்கள்.

நமக்குப் பணம் தரும் கட்சிக்காரரிடமே, நடுத்தெருவில், நனைந்துகொண்டே சட்டம் சொன்னீர்கள். அறிவித்தல் உரியவர் கைக்குச் சேர வேண்டும். அதன் பிறகு சட்டம் தரும் காலம் முழுதாகக் கழிய வேண்டும். அப்போதும் அவர் போகாவிட்டால் வழக்குத் தொடர வேண்டும் என்று ஒவ்வொன்றாய் எடுத்துரைத்தீர்கள். கேஸ் பேச நான் வரவில்லை என்று முதலாளி குரலை உயர்த்தியபோது, நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னது இது:

“நோட்டீசுங்கிறது போகச் சொல்ற கடுதாசி, முதலாளி. சாமானத் தூக்கி வெளிய வைக்கிறதுக்கு வேற கடுதாசி இருக்கு. அது கோர்ட்டுல இருந்துதான் வரணும்.”

அப்படியானால் இதைத் தப்பான இடத்துக்கு அனுப்பிய ஆள் யார் என்று அவர் கேட்டார். நான் உங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் முழுதாக மறைய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “எங்க ஒப்பீஸ் பிழை. ஒப்பீஸ்னா நான்தான்” என்றீர்கள். அதற்குப் பிறகு முதலாளி சொன்னவற்றை இந்த மடலில் எழுத முடியாது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறோம்.

இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் நல்லமுத்து முதலாளி அவர்களே, அந்த ஆள் நான்தான். அன்று நீங்கள் பேசியவை எல்லாம் எனக்குரியவை. அவையும் விலாசம் மாறித்தான் போய்ச் சேர்ந்தன.

இயந்திரம் உள்ளே போனது, லொறி வெறுமையாகத் திரும்பியது. அந்த வாரமே புது அறிவித்தல் எழுதி, நீங்களே கொண்டுபோய், தமிழில் வாசித்துக் காட்டி, எந்தத் திகதிவரை அவரை யாரும் அசைக்க முடியாது என்பதையும் நிஷாந்திக்குச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அவர் டிக்கோயாவில் வேறிடம் பார்த்து, தனக்கு வசதியான நாளில், அறையைக் கூட்டித் துடைத்து, சாவியைத் தன் கையாலேயே முதலாளியிடம் கொடுத்தார். வழக்கில்லை, வம்பில்லை. முதலாளி இன்றும் நம் கட்சிக்காரர். சேர் அணியும் கறுப்புக் கோட்டு நிஷாந்தி தைத்தது.

பொல்பிட்டியவிலிருந்து நோர்வூட்டுக்கு அப்பால்வரை எத்தனை கதவுகளுக்கு நம் கடிதங்கள் போயின! குடியிருப்பவர் உண்மையில் எங்கே உறங்குகிறார் என்று உறுதியாகாமல், அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஓர் உறையும் உங்கள் மேசையைத் தாண்டவில்லை. சட்டம் படித்தவர்கள் இந்த மலையில் பலர் உண்டு. சட்டத்தை மழையில் நின்று காட்டியவரோடு வேலை செய்தோம் என்று சொல்லும் பெருமை எங்களுக்கு மட்டுமே உண்டு.

இனி உங்கள் காலைகள் அவசரமின்றி விடியட்டும். முழங்கால் வலி உங்களை விட்டு விலகட்டும்; அதற்கு மாத்திரம் காலக்கெடு ஏதும் கொடுக்க வேண்டாம். நீடு வாழ்க, நோயின்றி வாழ்க, எங்களை இடைக்கிடை வந்து ஏசி வாழ்க.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று என்னை ஏன் வேலையை விட்டு நிறுத்தவில்லை என்று ஒன்பது வருடமாகக் கேட்டேன். முத்திரையை நேராக ஒட்டு என்பீர்கள். இல்லாவிட்டால், தேத்தண்ணி ஆறுகிறது என்பீர்கள். போன வியாழக்கிழமை உங்கள் மேசை லாச்சியை ஒழித்துக்கொண்டிருந்தபோது மறுபடி கேட்டேன். என் திறமையைக் கண்டுதான் என்பீர்கள் என்று, இந்த மடலில் அதற்கு இரண்டு வரி இடமும் விட்டு வைத்திருந்தேன். நீங்கள் தலையை நிமிர்த்திச் சொன்னீர்கள்:

“நிப்பாட்டத்தான் நெனச்சேன் தம்பி. சேர்ட்ட பேசி முடிவும் பண்ணியாச்சு. புது நோட்டீச குடுக்கப் போனப்ப நிஷாந்திகிட்டயும் சொன்னேன், அந்தத் தம்பிய இன்னையோட அனுப்பப் போறோம்னு. அவ கடுதாசிய வாங்கி, கையெழுத்தும் போட்டுட்டு, ‘அவருக்கு எத்தன நாள் குடுத்திருக்கீங்க மிஸ்?’னு கேட்டா. திரும்பி வந்து, தம்பி இருக்கட்டும்னு சேர்ட்ட சொல்லிட்டேன்.”

என்றும் உங்கள் மேற்பார்வையில்,
அலுவலக ஊழியர்கள் அனைவரும்,
அவர்கள் சார்பில் கந்தப்பன்
ஹட்டன்