ஜோஸ்பினின் ஃப்ரிட்ஜ்

காஸ்பர்: ...அது தாங்காது ஜோஸ்பினு. வேக்கம் கிளீனர் மோட்டாருக்கு காத்து போயிக்கினே இருக்கணும். கிண்ணம் வாய அடச்சிக்கிச்சின்னா கொஞ்ச நேரத்துல பொகஞ்சிடும்.

ஜோஸ்பின்: அப்ப என் ஃப்ரிட்ஜ பிரி. கம்ப்ரசர எடுத்துக்க.

காஸ்பர்: திரும்பவும் அதுக்கே வர்ற பாரு.

ஜோஸ்பின்: ஏன் வரக்கூடாது? கிண்ணத்தக் கவுத்து அடிய கடையணும்னா ஸ்க்ரூ போட முடியாது, லேத்துல காத்த உறிஞ்சித்தான் புடிச்சி நிறுத்தணும்னு நீதான சொன்ன? கம்ப்ரசரு நல்லா உறிஞ்சும்ணே.

காஸ்பர்: பெரிய இஞ்சினீரு! உறிஞ்சும்தான். ஆனா கொஞ்சங் கொஞ்சமா. மாமரக் கிண்ணம் கண்ணுக்குத் தெரியாம காத்த உட்டுக்கினே இருக்கும். கம்ப்ரசரு ஈடு குடுக்காது. சுத்தறப்ப கிண்ணம் பறந்து வந்து மூஞ்சியில அடிக்கும்.

ஜோஸ்பின்: என் மூஞ்சிக்கு அடி புதுசில்ல.

காஸ்பர்: அத உடும்மா இப்ப.

ஜோஸ்பின்: உட்டுட்டேன். மாமரம் வேணாம், பூவரசுல கடஞ்சிக்க. உள்ள ரெண்டு கோட்டு வார்னிஷ் அடிச்சா ஓட்ட அடயும்.

காஸ்பர்: கம்ப்ரசரு எண்ண துப்பும். சூடாவும்.

ஜோஸ்பின்: நிறுத்தி நிறுத்தி ஓட்டு.

காஸ்பர்: தமிழ்மணி ஏசி வேலைக்கு ஒரு பம்பு வச்சிருக்கறான். கேட்டா...

ஜோஸ்பின்: இந்த வெயில்லயா? ஏசிக்காரன் இப்ப பொண்டாட்டியக்கூட குடுப்பான், பம்பக் குடுக்க மாட்டான்.

காஸ்பர்: வாயி! பீங்கான் பேட்டையில மூடுன கம்பெனியில மண்ணு பெசையற மிஷினு பம்பு கெடக்குது. களிமண்ணுலேந்தே காத்த இழுத்தது அது.

ஜோஸ்பின்: மழையில நனஞ்சி துருப்புடிச்சிக் கெடக்குது. கையால சுத்துனாக்கூட அசையலன்னு நேத்து நீயே சொன்ன.

காஸ்பர்: அதுக்காக ஓடற ஃப்ரிட்ஜ எவனாச்சும் அறுப்பானா? உன் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் குடுத்தது.

ஜோஸ்பின்: அப்பா வாங்கிக் குடுத்தாரு. வேப்பூர்ல அவங்க அதுக்குப் பூட்டு போட்டாங்க. சாவி மாமியா இடுப்புல. என் ஃப்ரிட்ஜுல இருக்கற பாலுக்கு நான் டம்ளர வச்சிக்கினு நிக்கணும். பூட்ட ஒடச்சதுக்குத்தான் உன் மாப்ள அடிச்சி இந்தப் பல்லு போச்சி. அப்பறந்தான அத டாட்டா ஏஸ்ல ஏத்திக்கினு வந்தேன்?

காஸ்பர்: தெரியும்மா... இருந்தாலும், குடும்பம்னா நாலும்...

ஜோஸ்பின்: அண்ணி சொல்லிக் குடுத்தாங்களா?

காஸ்பர்: கிரேசிய இழுக்காத.

ஜோஸ்பின்: நான் இங்க இருக்கறது பாரமா இருக்குதாண்ணே? உன் கிண்ணத்துக்கெல்லாம் நான்தான மெருகு போடறேன்.

காஸ்பர்: பாரம்னு யாரு சொன்னா? பூசைக்குப் போனா ஆளுக்கு ஆளு கேக்கறாங்க... தங்கச்சி எப்ப போறான்னு.

ஜோஸ்பின்: போவலன்னு சொல்லு. சொல்லிட்டு ஃப்ரிட்ஜ அறு.

காஸ்பர்: முடியாது.

ஜோஸ்பின்: ஏன்?

காஸ்பர்: அதான் சொன்னனே, சூடா...

ஜோஸ்பின்: சூடாவும், எண்ண துப்பும், காத்து பத்தாது. எல்லாம் கேட்டுட்டேன். இப்ப என் மூஞ்சியப் பாத்து சொல்லு.

காஸ்பர்: ...ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் மாப்ள வண்டியோட வராரு. நான்தான் வரச் சொன்னேன். ஃப்ரிட்ஜு இல்லாம உன்ன மட்டும் ஏத்திக்க மாட்டாங்களாம்.

ஜோஸ்பின்: தெரியும். அண்ணி போன்ல பேசறப்பவே காதுல வுழுந்திச்சி. காலையில நீ மரம் வாங்கப் போனல்ல, அப்பவே உன் ரம்பத்த எடுத்து கம்ப்ரசரு ட்யூப அறுத்துட்டேன். உள்ள இருந்த கூலிங் கேஸெல்லாம் போயிடிச்சி. இனிமே அது அந்த வூட்டுக்கு ஆவாதுண்ணே. எடுத்து லேத்துல மாட்டு.