வலி வரவைக்கும் பலூன்

“பலூன் வைக்கப் போறாங்களாம், மாமி.”

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் இதைக் கேட்டதுமே கைப்பேசியில் எழுதத் தொடங்கிவிட்டேன். முன் இருக்கையில் நாள் தாண்டிய கர்ப்பிணி. பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பையோடு மாமியார்.

“பலூனா? புள்ள பொறக்க முந்தியே பொறந்தநாளா?”

“வலி வரவைக்கத்தான். கர்ப்பப்பை வாயில வெச்சு தண்ணி ஏத்துவாங்களாம்.”

“பக்கத்தூட்டு நஸ்ரினாக்கு மருந்துக் குளிசை வெச்சு பின்னேரமே புள்ள கெடச்சே, மகள்!”

“அவவுக்கு அது மொதப் புள்ள. எனக்கு மூத்தவன வயித்த வெட்டியெல்லா எடுத்த. குளிசையில வலி கூடினா பழைய தையல் உள்ளுக்க பிரிஞ்சிருமாம்.”

“அப்ப பலூன் ஆபத்தில்லையா?”

“குறைவாம். இல்லையெண்டு டாக்டர் செல்லல்ல.”

மாமியாருக்கு அதற்குமேல் பகிடி வரவில்லை.

“அதுலயும் வலி வராட்டி?”

அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

“நாளைக்கு வெட்டட்டும். சுமந்து களைச்சிட்டு, மாமி. இண்டைக்கு அத வெச்சுப் பாப்பம்.”