மீன் திருப்பும் மெஷினில் மேனேஜரின் கையை வைத்தது பற்றி

மேலே எழுதியிருக்கும் பெயரும் வயதும் முகவரியும் என்னுடையவை. மேற்படி முகவரியில் கணவர், மாமியார், நாத்தனார் ஆகியோருடன் வசித்து வருகிறேன். மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில், தலை வெட்டும் கத்திக்கு அடுத்த மேசையில் எனக்கு வேலை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், சுயபுத்தியோடுதான் பேசுகிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மேனேஜர் தன் புகாரில் எழுதியிருக்கிறாராம்.

என் நாத்தனாரும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாள். ஓயாமல் பேசுவதால் அவளை அங்கே குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். சீப்புக்குச் சண்டை, கண்ணாடிக்குச் சண்டை, நான் குறட்டை விடுவதைப் பஸ்ஸில் எல்லாருக்கும் நடித்துக் காட்டியதற்கு ஒரு பெரிய சண்டை. ஆகவே அவளுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

குருவி நின்றது மீன் திருப்பும் மெஷினில். இன்ஸ்பெக்டர் அய்யா அதைப் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். சாய்வான எவர்சில்வர் தட்டு ஒன்று உதறிக்கொண்டே இருக்கும். மீனின் செதில் தலையிலிருந்து வாலுக்குப் படிந்திருப்பதால், தட்டு உதற உதற மீன் தலை முன்னே வருமாறு வழுக்கி இறங்கும். அதன் பிறகு ஒரு கேமரா பார்க்கும். எது தப்பாக வந்தாலும் ஒரு தகடு வந்து அதைத் தட்டிச் சரியாகத் திருப்பிக் கத்திக்கு அனுப்பும். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மூடி உண்டு. மூடியைத் தூக்கினால் மெஷின் நின்றுவிட வேண்டும். மெஷின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மீன் போட்டால் நன்றாகத்தான் ஓடும்.

மேனேஜர் விலை குறைந்த மீனாகப் பார்த்து வாங்க ஆரம்பித்தார். வயிறு உடைந்து, செதில் உதிர்ந்து, கூழாக வரும். செதில் இல்லாத மீன் வழுக்காமல் குறுக்கே படுத்து அடைத்துக்கொள்ளும். மீன் அடைத்தாலே மாடியில் மேனேஜர் அறையில் மணி அடிக்கும், ஒவ்வொரு தடவையும் நிறுத்தி எடுத்தால் அவர் கத்திக்கொண்டே இறங்கி வருவார். அதன் பிறகு மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு காந்தத் துண்டு கொடுத்தார். அதை மூடியின் கீல் பக்கத்தில் ஒட்டிவிட்டால், மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அங்கே முதலில் சொல்லிக் கொடுப்பதே காந்தம் ஒட்டுவதைத்தான், கையுறை போடுவதைக்கூடப் பிறகுதான். மேசைக்கு அடியில் ஒட்டி வைத்திருப்போம், வேண்டும்போது எடுத்துக்கொள்வோம். இது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

சம்பவத்தன்று காலையில் மீன் அடைத்துக்கொண்டது. மேனேஜர் மேலிருந்து, "கைய விட்டுத் தள்ளு, நிறுத்தாதே" என்றார். குருவி காந்தத்தை ஒட்டி, மூடியைத் தூக்கிக் கையை விட்டாள். எங்கள் கையுறை வெளிர் சாம்பல் நிறம், ஈரமாக இருந்தால் மின்னும். கேமரா அவள் கையை மீன் என்று எடுத்துக்கொண்டது. தகடு வந்து அதைத் தட்டித் திருப்பி, விரல் முன்னே இருக்கும்படி கத்திக்கு அனுப்பியது. மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

அதன் பிறகு மீன் வருகிற வழியில் என் மேசைக்கு வந்தவை அவளுடைய மூன்று விரல்கள். கையுறையோடு வந்தன. நான் அவற்றை ஐஸில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டி கேட்டபோது மேனேஜர் வண்டிச் சாவியைத் தேடவில்லை. "ரத்தம் பட்ட மீனைக் கழுவிப் போடுங்க, தூக்கிப் போட்டுடாதீங்க" என்றுதான் முதலில் சொன்னார். பிறகு ஐஸ் வண்டிக்காரர்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். விரல்களை ஒட்ட முடியவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால் மிச்சமிருக்கும் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து எதையாவது பிடிக்கும், தள்ளிப்போட்டால் அப்படியே விறைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அதைத் தொழிற்சாலைதான் செய்து தர வேண்டும். ஆனால் தப்பு குருவியுடையது என்று எழுதிவிட்டால் செய்ய வேண்டியதில்லையாம். மறுநாளே மேனேஜர், அவளாக மூடியைப் பெயர்த்தாள், விளையாட்டுப் புத்தி, வாய் ஓயாது என்று சொல்லிவிட்டார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது.

இப்போது அவளுக்கு நான்தான் தலை பின்னுகிறேன். இழுத்துப் பின்னினாலும் ஒன்றும் சொல்வதில்லை. என்னோடு சண்டை போடுவதே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதன் பிறகு, தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அதிகாரி, தப்பு யாருடையது என்று முடிவு செய்ய நேற்று வந்தார். அன்றைக்கென்று ஒரே அளவில் பளபளவென்று நல்ல மீன் இறக்கியிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் புது ஏப்ரன். மெக்கானிக் மூடியைத் தூக்கிக் காட்டினார், மெஷின் நின்றது. "பாத்தீங்களா சார், தானா நின்னுடும். அந்தப் பொண்ணுதான் ஏதோ பண்ணியிருக்கு" என்றார் மேனேஜர். அதிகாரி தலையாட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் குளிர் அறைக்குப் போய், தினமும் எங்களுக்கு வருகிற மீனில் ஒரு பெட்டியை இழுத்து வந்து தட்டில் கொட்டினேன். என்னை யாரும் கொட்டச் சொல்லவில்லை. நானாகத்தான் கொட்டினேன்.

சொல்லி வைத்ததுபோல் மீன் அடைத்துக்கொண்டது. மேலே மணி அடித்தது. மணிச் சத்தம் கேட்டதும் மேனேஜர், பக்கத்தில் அதிகாரி நிற்பதையே மறந்து, "என்ன பாத்துட்டு நிக்கிறே? கைய விட்டுத் தள்ளு!" என்று கத்தினார். குருவியின் இடத்தில் புதிதாக நிற்பவள் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அவள் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டினாள், மூடியைத் தூக்கினாள். மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவள் கை தட்டு வரைக்கும் போய்விட்டது. நான் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தேன், மெஷின் நின்றது.

நான் அதிகாரியிடம், "சார், பாத்தீங்கல்ல?" என்றேன். அவர், "எதம்மா? நான் போன் பாத்துட்டிருந்தேன்" என்றார். போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

அதன் பிறகுதான் நான் மேனேஜரின் வலது கையைப் பிடித்தேன். இதை நான் மறுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து மூடிக்குள் விட்டு, தகட்டுக்கும் கத்திக்கும் நடுவில் வைத்தேன். பெட்டி தூக்கித் தூக்கி என் கை உரமேறியது, அவருடையது பேனா பிடித்த கை. பக்கத்து மெஷின் போட்ட சத்தத்தில் இது நின்றுவிட்டது அவருக்குத் தெரியவில்லை. "அய்யோ என் கை, என் கை" என்று அலறினார். நான், "உங்க கை கை, அவ கை என்ன மீனா?" என்று கேட்டேன். அவர் அழுதார். அதிகாரிக்கு அப்போது மட்டும் கண் நன்றாகத் தெரிந்தது. உடனே போனை எடுத்து உங்களுக்குத் தகவல் சொன்னவரும் அவர்தான். நான் கையை விட்டுவிட்டேன். மேனேஜரின் கையில் கொஞ்சம் மீன் கூழ் ஒட்டியிருந்ததைத் தவிர ஒரு கீறலும் இல்லை. அய்யாவே பார்த்திருப்பீர்கள்.

கொலைவெறியோடு செய்தேன் என்பது பொய். கோபத்தோடு செய்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் இப்படிச் செய்திருப்பாயா என்று அய்யா கேட்டார். செய்திருக்க மாட்டேன். பாவம் பார்த்து அல்ல. ஓடுகிற மெஷினில் அவர் கை மாட்டினால், அதை எடுக்க எங்களில் ஒருத்தியைத்தான் உள்ளே கையை விடச் சொல்வார்கள்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். "அறிவிழந்து செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று நான் சொல்லாத ஒரு வரி இருந்தது. அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மிச்சமிருப்பது முழுவதும் நடந்தது நடந்தபடி, நான் சொன்னது சொன்னபடி.

(கையொப்பம்)