சைரன் மாட்டின வண்டி

— கழட்டி எறி சாதுல்லா பாய். சைரனும் வேணாம், ஒரு எழவும் வேணாம்.

— இன்னா கலியமூர்த்தி சார், மாட்டி மூணு வாரம் ஆவல. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ஸ்டாண்டுல ரெண்டு வண்டியத் தூக்கிட்டானுங்க, அடுத்தது என்னுதுன்னு நீங்கதானே என் மெக்கானிக் கடையில வந்து நின்னீங்க?

— நின்னேன். மாமனார் வாங்கிக் குடுத்த வண்டி, போச்சுன்னா அந்தாளு இன்னொண்ணா தருவான்? ஆனா திருடன் வந்தாத்தானே கத்தணும்? இது சும்மா கத்துது. நேத்தோட நாலாவது தடவை.

— சும்மா கத்தாது சார். சைடு ஸ்டாண்டுக்கு அடில பட்டன் வெச்சிக்கீறேன். அது அசைஞ்சாத்தான் கத்தும். யாரோ தொடுறாங்கோ.

— யாரு தொடுவா? வாசல்ல ஆளே இல்ல. நான் உள்ள இருக்கேன், அவளும் உள்ள இருக்கா.

— நேத்து அந்நேரத்துக்கு இன்னா பண்ணிகினு இருந்தீங்க?

— ஃபேக்டரி விட்டு வந்து அப்பத்தான் உக்காந்தேன். ஆறிப்போன காப்பியக் கொண்டாந்து வெக்கிறா. ரெண்டு போட்டேன். மூணாவதுக்குக் கை ஓங்குறேன், சமையக்கட்டுக்குள்ள ஓடிட்டா. பின்னாலயே போறதுக்குள்ள வெளிய ஊளையிடுது. ஓடியாந்து பாத்தா தெருவே நிக்குது. ஒருத்தன் கையில கடப்பாறை!

— முந்துன தபா?

— அன்னைக்கும் இதே கதைதான். எதுத்துப் பேசுனா, பெல்ட்டைக் கழட்டுனேன், இது ஆரம்பிச்சிடுச்சு. என் வீட்டுல நான் ஒரு வேலைய உருப்படியா முடிக்க முடியல பாய். தெருவுல தலை காட்டவே அசிங்கமா இருக்கு.

— அசிங்கமாத்தான் கீது சார்.

— நான் குளிச்சிட்டு வர்றேன். வரும்போது அந்தச் சனியன் வண்டியில இருக்கக் கூடாது.

— சரி, போங்க.

— பாய், அதை அறுத்துடாதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன்.

— நீயாம்மா? கன்னம் இன்னா இப்படி வீங்கிக் கீது? உங்கூட்டுக்காரரு அறுத்தே ஆவணும்னு சொல்லிட்டுப் போறாரே. இரு, குனிஞ்சு பாக்குறேன். இது இன்னாது, பட்டன்ல நைலான் நூலு? சொவுத்து ஓரமாவே போவுது... உங்க சமையக்கட்டு ஜன்னலுக்குள்ளாற போவுதே!

— மெதுவாப் பேசுங்க, அவரு காதுல விழப்போவுது. நான்தான் கட்டுனேன்.

— எதுக்கும்மா?

— ஏழு வருசமா நானும் கத்திக்கிட்டுத்தான் இருக்கேன் பாய். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. புருசன் பொண்டாட்டி விசயமாம், நடுவுல போகக் கூடாதாம். வண்டி கத்துனா மட்டும் கையில கெடைச்சதத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க. அவரும் வெளிய ஓடுவாரு. நாலு பேரு நின்னு பேசிட்டுக் கலையுறதுக்குள்ள அவரு கோவம் ஆறிடும். நூலை இழுத்துட்டேன்னா அன்னைக்கு அடி பாதியோட போச்சு. இதையும் அறுத்துட்டீங்கன்னா, பெல்ட்டால அடிக்கிறப்ப நான் யாரைக் கூப்பிடுவேன்?

— த்தூ! இவன்லாம் ஒரு மனுசன், இவனுக்கு சார் வேற! நான் அறுக்கலம்மா. இத்தக் கழட்டுனா வண்டி ஸ்டார்ட் ஆவாதுன்னு சொல்லிக்கிறேன். அந்தாளுக்கு ஒயரப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. குனிஞ்சு பாத்தா நூலு பளிச்சுனு தெரியுது, கறுப்பு நூலாப் போட்டுத் தரேன்.

— உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

— ஆனா இந்தத் தெருக்காரனுங்களச் சொல்லணும். ஏழு வருசமா ஒரு பொம்பள உயிரு போறாப்புல கத்துறா, ஒருத்தன் காதுலயுமா உழல? சோத்ததான் துன்றானுங்களா? இவனுங்க மூஞ்சில முழிக்கிறதே பாவம்!

— எல்லார் காதுலயும் விழும் பாய். எதுத்தாப்புல உங்க கடைதானே? நான் கத்த ஆரம்பிச்சதும் டேப்பு சத்தத்தைக் கூட்டி வெக்கிறது யாரு?