நாலாவது மணி நேரம்

தஹ்மீனா: ஊசியில கை வைக்காதீங்கய்யா! டயாலிசிஸ் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

நல்லக்கண்ணு: வலங்கைமான் பஸ்ஸு போயிரும்மா. கழட்டிவுடு.

தஹ்மீனா: போன வாரமும் இதே பஸ்ஸு. அதுக்கு முந்தின வாரமும்...

செம்மொழி: அப்பாவுக்கு மூணு மணி நேரந்தானே சிஸ்டர்?

நல்லக்கண்ணு: நீ எப்ப வந்த? பட்டுக்கோட்டையிலேருந்து ஒரு போன்கூட பண்ணாம...

செம்மொழி: பேச்ச மாத்தாதீங்கப்பா. சிஸ்டர், நான் இவரு பொண்ணு செம்மொழி. மெஷினு எவ்வளவு நேரம் ஓடணும்?

தஹ்மீனா: நாலு மணி நேரம். வாரத்துக்கு மூணு தடவ. இவரு மூணுலயே எந்திரிச்சுருவாரு. கேட்டா, என் இஷ்டத்துலதான் போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு.

செம்மொழி: ரிப்போர்ட்டு நல்லா இருக்கே! ரத்தம் நல்லா சுத்தமாவுதுன்னு மாசாமாசம் போட்டோ எடுத்து அனுப்புவாரே...

தஹ்மீனா: அது மாசத்துல ஒரு நாள் எடுக்குற டெஸ்ட்டு. அன்னிக்கு மட்டும் ஐயா ஆடாம அசையாம நாலு மணி நேரமும் படுத்திருப்பாரு.

செம்மொழி: அன்னிக்கு மட்டுமா?

நல்லக்கண்ணு: நெல் மண்டியில இருபது வருஷம் எடை போட்டவன்மா நானு. செக்கிங் வர்ற அன்னிக்கு தராசு எப்படி நிக்கணும்னு தெரியாதா?

செம்மொழி: சிரிக்காதீங்க. கால பாருங்க... அமுக்குன எடத்துல குழி விழுது.

தஹ்மீனா: படுத்தா மூச்சு முட்டுதாம். உக்காந்தே தூங்குறாரு. மூணு மணி நேரம் பத்தாதும்மா இவரு உடம்புக்கு. அழுக்கு உள்ளயே தங்குது.

நல்லக்கண்ணு: நாலாவது மணி நேரம் கெண்டைக்காலு சுண்டி இழுக்குதும்மா. உசுரே போவுது.

தஹ்மீனா: டெஸ்ட்டு அன்னிக்கு இழுக்காதாக்கும்?

நல்லக்கண்ணு: அந்தப் போர்வைய கொஞ்சம் இழுத்து வுடும்மா, குளுருது.

தஹ்மீனா: சரி, நான் அந்தப் பக்கம் பெட்ட பாத்துட்டு வர்றேன். பேசிக்கிட்டு இருங்க. ஆனா கழட்டமாட்டேன், சொல்லிட்டேன்.

செம்மொழி: அப்பா... யாருக்காக அந்த ரிப்போர்ட்டு?

நல்லக்கண்ணு: விடும்மா. சாப்புட்டியா நீ?

செம்மொழி: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் கிட்னி உங்களுக்குச் சேராதுன்னு சொன்னேன்ல...

நல்லக்கண்ணு: ஆமா. அதுக்கென்ன இப்ப?

செம்மொழி: சேந்துச்சுப்பா. எல்லாம் பொருந்திச்சு. எனக்குத்தான்... பயமா இருந்துச்சு. பாப்பாவுக்கு ரெண்டு வயசு. உங்க ரிப்போர்ட்டு வேற நல்லா வந்துச்சா... மெஷினே போதும், அப்பா நல்லாத்தான் இருக்காருன்னு மனச தேத்திக்கிட்டு, தரலன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

நல்லக்கண்ணு: அழாத. பக்கத்து பெட்டுல பாக்குறாங்க.

செம்மொழி: திட்டுங்கப்பா... ஏதாவது சொல்லுங்க.

நல்லக்கண்ணு: பொருந்திருச்சுன்னு அன்னிக்கே எனக்கும் சொல்லிட்டாங்கம்மா. நீ நிம்மதியாத் தூங்கணும்னுதான், மாசத்துல அந்த ஒரு நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு நாலு மணி நேரமும் கெடந்தேன்.