நிமிர்ந்த பிணங்கள்

பாபநாசம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். காதோரம் சாம்பல் சாயம் சரியாகப் போகவில்லை.

"நாளைக்கும் செத்து எந்திரிக்கணுமாம்க்கா" என்றாள் இளையவள். பிணங்கள் எழுந்து வரும் சினிமாவில் நடிக்கப் போய்வருகிறார்களாம்.

"முன்னால நடங்கன்னா, சேத்துல கால வச்சதும் நடவு நடுற மாதிரி குனிஞ்சு பின்னாலயே போனோம். டைரக்டரு விழுந்து விழுந்து சிரிச்சு, இதையே படத்துல வச்சுக்கிறேன்னாரு. நீ ஏன்க்கா அப்ப அவருகிட்ட போய் நின்ன?"

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாகுபடி நெலத்த விடமாட்டேன்னு எங்கம்மா எறங்கி நட்டது இப்ப படம் புடிக்கிற அந்த வயல்லதான். குனிஞ்சிருந்தவள பண்ணையாரு ஆளுங்க அங்கயே அடிச்சுக் கொன்னாங்க. அதான், நாங்க குனிஞ்சிருக்கிற வரைக்கும் ஜனங்க சிரிக்கட்டும் சார், நிமிர்ந்தா சிரிப்பு வரக்கூடாதுன்னேன்."

"அதுக்கு?"

"நிமிர்ந்து எங்க பாப்பீங்கன்னாரு. பண்ணையாரு குடை புடிச்சு நின்னு பாத்த வரப்பன்னேன்."

"அதான் எல்லாரையும் ஒண்ணா நிமிரச் சொன்னாரா!"

"ம்."

கண்டக்டர் வந்து போனார். இளையவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாம பாத்ததும், வரப்புல நின்ன சினிமாக்காரங்க ஒவ்வொருத்தரா எறங்கிட்டாங்கக்கா."

"எனக்கு அப்ப யாரும் கண்ணுல படல. டைரக்டரு?"

"அவரு மொதல்ல குடைய மடக்குனாரு."