நெகட்டிவ் என்று எழுதியது

சளி பிடித்தவர்களுக்கெல்லாம் பரிசோதனை வேண்டியதில்லை, டாக்டர். கஞ்சி குடித்துப் படுத்தால் நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும். வைரஸின் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான். சின்னமனூரில் நம் டயாலிசிஸ் பிரிவுக்கு நோயாளிகளோடு துணைக்கு வருகிறவர்களிடம் பதினோரு வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

சிறுநீரகம் கெட்டவர்கள் விஷயம் வேறு. ஃப்ளூ என்றால் இரண்டு நாளுக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். மற்றவர்களை விட்டுத் தள்ளிப் படுக்கவைக்க வேண்டும். புது நர்ஸுகளுக்கு இதைச் சொல்லித்தருவதே நான்தான்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை எனக்கு உடம்பு சுட்டது. ஃப்ளூ டெஸ்ட் கிட் ஒன்றை எடுத்து எனக்கு நானே பார்த்துக்கொண்டேன். இரண்டு கோடு விழுந்தது. ஃப்ளூ. சொன்னால் ஒரு வாரம் வீட்டிலிருக்கச் சொல்வீர்கள். தலைமை நர்ஸ் யார் என்று அந்த வாரம்தான் முடிவாகவிருந்தது. காய்ச்சல் மாத்திரை போட்டு, மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு வேலை பார்த்தேன்.

ஒரே ஒரு தடவைதான் மாஸ்க்கை இறக்கினேன். மேகமலை எஸ்டேட்டிலிருந்து டயாலிசிஸுக்கு வரும் பூமாரி, மகள் சுபாஸ்ரீக்கு வேலை கிடைத்ததென்று லட்டு கொண்டுவந்திருந்தாள். "வாயத் தொறங்க சிஸ்டர்" என்று அவளே ஊட்டிவிட்டாள். எனக்கு இருமல் வந்தது. முகத்தைத் திருப்புவதற்குள் வந்துவிட்டது.

வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. ஃப்ளூ டெஸ்ட் எடுக்கும்படி நீங்கள் போனில் சொன்னீர்கள். பாசிட்டிவ் வந்தால் யாரிடமிருந்து வந்தது என்று தேடுவீர்கள். நம் பிரிவு சின்னது.

குச்சியை மூக்கில் விட்டு எடுத்தேன். அவளுக்குக் கண் கலங்கியது. குச்சியைக் கிட்டில் வைக்கவில்லை. கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டேன். கால் மணி நேரம் கழித்து, தாளில் நெகட்டிவ் என்று எழுதினேன்.

"ஒண்ணும் இல்லையே சிஸ்டர்?"

"சாதாரணச் சளிதான் பூமாரி."

"நல்ல வேள. அவுகதான் பயந்துபோய்க் கெடக்காக."

ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறி, மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வரும் வழியிலேயே இறந்துபோனாள். மறுநாள் தலைமை நர்ஸ் ஆர்டர் என் கைக்கு வந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். அன்றிலிருந்து யார் என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டாலும் உடம்பு கூசுகிறது.

என்னிடமிருந்துதான் தொற்றியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் டெஸ்டை எடுக்காமலே எடுத்ததாக எழுதியவள் நான். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மருந்தைத் தடுத்தவளும் நான். இதைத் தெரிந்தேதான் செய்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி வந்தார். "ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பா. கடைசி வரைக்கும் நல்லாப் பாத்தீக" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். துக்கத்தில் இருக்கிற மனிதரை மேலும் நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை, டாக்டர்.